வெள்ளைச் சுவர்

தொழிலில் அவரை எல்லோரும் 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, நிறம் திருத்தி, பாட்டு சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. மண்டபத்து விளக்கில் பச்சையாகத் தெரிகிற மாப்பிள்ளையையும், தூக்கமில்லாமல் கண் வீங்கிய பெண்ணையும் அவரிடம் கொடுத்தால் போதும், மறுநாள் இரண்டு பேரும் புதுசாக மலர்ந்து நிற்பார்கள். கேமராக்காரர்கள் எடுத்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நின்றால் குறை சொல்லியே தீர்த்துவிடுவார் என்று பயம்.

அந்தக் கண் அப்படிப்பட்ட கண். வீட்டுக்குப் புது டிவி வாங்கியபோது, திரையின் மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி எரியவில்லை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். மாற்றிக் கொடுத்ததிலும் ஒரு புள்ளி. அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்த கடை ஆள் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "சார், நீங்க பார்த்து ஓகே சொல்லுங்க, அப்புறம் நான் உள்ள வரேன்" என்றான். மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னைப் பார்க்க வந்தப்ப இப்படிக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்த்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள்.

அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒருநாள் காலையில் சமையலறையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்லீரல் என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "யாருக்கும் தெரியல. தெரிஞ்சப்ப எல்லாம் கைமீறிப் போயிருந்துச்சு." மகளுக்கும் அதையேதான் சொன்னார். வெளியூரில் வேலை பார்க்கிறவள். அம்மா விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கிடைத்த ஒரு நீண்ட விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் தோழிகளோடு ஊர் சுற்றப் போய்விட்டாள். "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்பா" என்று அவள் அழுத ஒவ்வொரு தடவையும், "யாருக்குமே தெரியாதும்மா, உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவும் மகளும் இந்த வருஷத்தைத் தள்ளினார்கள்.

வருஷம் முடிகிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு வருவதாக இருந்தது. "அம்மாவை வெச்சு ஒரு சின்னப் படம் பண்ணுங்கப்பா. ஊரார் வீட்டுக்கெல்லாம் பண்றீங்க" என்றாள் மகள். அவர் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினார். கடைசியில் மகளே லீவு போட்டுவிட்டு வந்து, அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்டூடியோ என்பது பெரிய பெயர். டயர் கடைக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. கதவுக்கு முதுகைக் காட்டி அவர் நாற்காலி, முன்னால் இரண்டு திரை, காதை மூடுகிற பெரிய ஹெட்போன். மகள் தூசி தட்டினாள், காலி டப்பாக்களைக் கட்டிப் போட்டாள். மத்தியானம் ஆனதும், "சாப்பாடு வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள ஆரம்பிச்சு வைங்க. சாக்குச் சொல்லக் கூடாது" என்று மிரட்டிவிட்டுப் போனாள். மிரட்டுவதில் அப்படியே அம்மாதான்.

மனைவி அனுப்பிய வீடியோக்கள் நிறையவே இருந்தன. அதற்கும் அவர் போட்ட சட்டம்தான் காரணம். ஹெட்போன் மாட்டிவிட்டால் போன் அடிப்பது அவருக்குக் கேட்காது. "சும்மா சும்மா போன் பண்ணாதே. சொல்ல வேண்டியதை வீடியோ எடுத்து அனுப்பு, கை ஒழிஞ்சப்ப பார்க்கறேன்" என்று சொல்லியிருந்தார். இன்னொரு சட்டமும் உண்டு. வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் செயலி அதை நசுக்கிச் சுருக்கிவிடும், முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே ஃபைலாகத்தான் அனுப்ப வேண்டும், போன் எடுத்தது எடுத்தபடி வர வேண்டும். கத்தரிக்காய் வாங்கினேன் என்று சொல்வதற்குக்கூட அவள் ஃபைலாகத்தான் அனுப்பினாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டேனா, கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தேனா, தெரியல" என்று தன் அக்காவிடம் புலம்புவாளாம்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவள் போனில் இருந்ததையும் மகள் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தாள், அதையும் சேர்த்துக்கொண்டார். முதலில் அக்கா வீட்டிலிருந்து அவள் அனுப்பியவற்றைத் திறந்தார். கடைசி சில மாதங்களில் அக்காவுக்கு மூட்டு வலி என்று அடிக்கடி அங்கே போய்வந்தாள். அவருக்கோ கல்யாண சீசன், தலைக்கு மேல் வேலை. போகட்டும், தனியாக வீட்டில் கிடப்பதற்குப் பேச்சுத் துணையாவது ஆயிற்று என்று விட்டுவிட்டார்.

திரையின் ஓரத்தில் ஒவ்வொரு ஃபைலின் விவரமும் வரிசையாக ஓடும். எடுத்த நாள், நேரம், எந்தப் போன், எவ்வளவு நீளம். அதற்குக் கீழே 'இடம்' என்று ஒரு வரியும் நீளமாகச் சில எண்களும் இருக்கும். எடுத்த இடத்தைப் போனே தெரிந்துகொண்டு ஃபைலுக்குள் குறித்து வைக்கிற எண்கள் அவை. எத்தனையோ வருஷமாக அந்த வரி அவர் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு இடம் பார்த்து என்ன செய்யப்போகிறார்? அன்றைக்கு அதன் மேல் அம்புக்குறி தெரியாமல் பட்டு, வரைபடம் ஒன்று திறந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

அக்கா வீடு ஊருக்கு வடக்கே, ரயில் பாலம் தாண்டி. புள்ளி தெற்கே இருந்தது.

போன் தப்பாகக் குறித்திருக்கும் என்று அடுத்த ஃபைலைத் தட்டினார். அதே இடம். அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் அதே இடம். சந்தேகம் தீர, வீட்டில் எடுத்த ஒன்றைத் தட்டிப் பார்த்தார். புள்ளி அவர்கள் தெருவில், அவர்கள் வீட்டுக் கூரை மேல் அழகாகப் போய் உட்கார்ந்தது. போன் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் பொய் சொன்னது யார்?

ஒரு நொடி, அவர் மனசுக்குள் ஒரு கேவலமான எண்ணம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி, பதில் சொல்ல உயிரோடு இல்லாதவளைப் பற்றி. இதைச் சொல்லாமல் மறைத்துவிடலாம்தான். ஆனால் மனுஷ புத்தி அப்படித்தான், முதலில் குப்பைத் தொட்டியைத்தான் கிளறும். அவருக்கே தன் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

படத்தைப் பெரிதாக்கினார். பெரிய கட்டடம், பின்னால் வண்டி நிறுத்துகிற இடம், முன்னால் ஒரு பெயர். ஆஸ்பத்திரி. இன்னும் பெரிதாக்கினார். புள்ளி நின்ற பகுதிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கல்லீரல் சிகிச்சைப் பிரிவு' என்று இருந்தது. அந்தக் கேவலமான எண்ணமே நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். அப்படியிருந்தால் அவள் மேல் கோபமாவது பட்டிருக்கலாம்.

மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க மாப்பிள்ள, சாப்பிட்டாச்சா?"

"அக்கா, அவ உங்க வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டு எங்க போனா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"யார் சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"யாரும் சொல்லல. அவ அனுப்பின வீடியோவே சொல்லுது."

அவ்வளவுதான், அக்கா உடைந்துபோனாள். அழுகைக்கு நடுவே வந்ததையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவின் மூட்டுக்கு ஒன்றுமில்லை. அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறாள்.

"டாக்டர் மொதல்லயே சொல்லிட்டார் மாப்பிள்ள. குணமாகாது, நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்னு. அவர்கிட்ட சொல்லுடி, சொல்லுடின்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'சொல்லணும்னு உட்கார்ந்தா வாய் வரல அக்கா. அவரா பார்த்து என்னடின்னு கேட்கட்டும், ஒண்ணு விடாம கொட்டிடறேன்'னா. என்னையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"நான் எப்படிக்கா பார்த்து..."

"அவ அப்படித்தான் நம்பினா. 'டிவியில ஒரு புள்ளி எரியலைன்னு கண்டுபிடிச்ச மனுஷன், என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டாரா'ன்னு சிரிப்பா. அதுக்குத்தான் அங்க உட்கார்ந்து வீடியோ எடுப்பா. அனுப்பிட்டுப் போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருப்பா. நீங்க பதில் போட்டதும் படிச்சுட்டு, பைக்குள்ள போட்டுடுவா. என்னடி சொன்னாருன்னு கேட்டா, 'வெளிச்சம் சரியில்லையாம்'ன்னு சொல்லுவா."

அக்கா இன்னும் ஏதோ சொன்னாள். மன்னிச்சிடுங்க என்றாள் போலிருக்கிறது. அவர் போனை வைத்துவிட்டார்.

வைத்த போனிலேயே பழைய பேச்சு அப்படியே இருந்தது. அவர் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. மேலே தள்ளித் தள்ளிப் போனார்.

'அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். நான் எப்படி இருக்கேன் பாருங்க' என்று எழுதி வீடியோ அனுப்பியிருந்தாள்.

'மஞ்சளா அடிக்குது. அந்தச் சுவர்கிட்ட நிக்காதே. ஜன்னல் பக்கம் திரும்பி எடு' என்று இவர் பதில் போட்டிருந்தார். அக்கா வீட்டுச் சுவர் முழுக்க எலுமிச்சை மஞ்சள். பெயிண்ட் அடித்த அன்றைக்கே, இந்த வீட்டில் யாரையும் படம் எடுக்க முடியாது என்று அக்காவிடம் சண்டை போட்டவர் அவர்.

அடுத்த வீடியோவில் சொன்ன பேச்சுக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். 'இப்ப?'

'இன்னும் மஞ்சள். விடு, நான் சரி பண்ணிக்கறேன்.'

சரி பண்ணியும் விட்டார். வேலைக்கு நடுவே அவளுக்கென்று நேரம் ஒதுக்கி, மஞ்சளை எடுத்து, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றி, அவளுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். 'இப்ப பாரு, எப்படி இருக்கே!' அன்றைக்கு அதை ஒரு அன்பாக நினைத்துத்தான் செய்தார். அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

'அழகா இருக்கேன்' என்று பதில் வந்திருந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. 'நிஜமாவே இப்படி இருந்தா நல்லா இருக்கும்ங்க.'

அதற்கு அவர் ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பியிருந்தார்.

மறுபடி திரைக்குத் திரும்பினார். அவள் அனுப்பியதைத் திருத்தம் எதுவும் இல்லாமல், வந்தது வந்தபடி ஓட விட்டார். தொழிலுக்கு வருகிற புதுப் பையன்களுக்கு முதலில் அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். படத்தில் நிஜமாகவே வெள்ளையாக இருக்கிற பொருள் எது என்று பார், அது வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமெல்லாம் சரி, அதை வைத்துத்தான் எதையும் தொட வேண்டும். அவள் தலைக்குப் பின்னால் சுவர் இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர். மஞ்சள் இல்லை, அப்பழுக்கில்லாத வெள்ளை. வெளிச்சத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சுவர் வெள்ளையாக இருந்தது, அவள் தோளில் மாட்டியிருந்த வெள்ளைத் துணிப் பை வெள்ளையாக இருந்தது, அவள் மட்டும் மஞ்சளாக இருந்தாள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள்.

அந்தச் சுவரை அவர் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. அக்கா வீட்டுச் சுவர் மஞ்சள் என்பது தலைக்குள் இருந்தது, தலைக்குள் இருந்ததைப் பார்த்தார். முகத்து மஞ்சளைக் குறைத்தபோது பின்னால் அந்தச் சுவர் நீலம் பாய்ந்து போயிருக்கிறது. ஊசிமுனைப் புள்ளிக்கு டிவியைத் திருப்பி அனுப்பியவர் கண்ணில் அதுவும் படவில்லை. வீட்டிலாவது பார்த்திருக்கலாமே என்றால், நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வீடு முழுக்க மஞ்சள் பல்பு மாட்டியதும் அவரேதான். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே நிறம்.

அழவாவது வருமா என்று பார்த்தார், வரவில்லை. பழக்கதோஷம், கை தானாக வரைபடத்தைச் சுருக்கியது. எல்லா ஃபைலுக்கும் உரிய புள்ளிகள் ஒன்றாக விழுந்தன. வீட்டின் மேல் ஒரு கும்பல், ஆஸ்பத்திரி மேல் ஒரு கும்பல். இரண்டுக்கும் நடுவே, தனியாக ஒரே ஒரு புள்ளி. பெரிதாக்கத் தேவை இருக்கவில்லை. டயர் கடைத் தெருவை அவருக்குத் தெரியாதா?

அவள் போனிலிருந்து நகல் எடுத்தது அது, அவருக்கு அனுப்பாதது. திறந்தார்.

கண்ணாடிக் கதவு. அதில் மங்கலாக அவள் நிழல். உள்ளே முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருக்கிறார், காதில் ஹெட்போன், முன்னால் திரையில் ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணின் முகம். யார் பெற்ற பெண்ணோ. அந்தக் கன்னத்துக்கு அவர் நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவு கொஞ்சம் திறக்கிறது, தெருச் சத்தம் உள்ளே போகிறது. திரையிலிருந்த அவர், திரும்பாமலே, இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம் இரு என்று. வருகிற போகிற எல்லோருக்கும் காட்டுகிற விரல்.

அவள் இருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தாள். படம் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது, மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு யாரிடமோ சொல்வது போல, "வேலையா இருக்கார்" என்றாள். கதவு மூடியது. போன் தாழ்ந்தது, கடைசியாக அவள் செருப்பும் ஸ்டூடியோப் படியும் தெரிந்து நின்றுபோயிற்று.

அந்த நாள் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. எவ்வளவோ யோசித்தார். யாரோ வந்தார்கள், போய்விட்டார்கள் என்றுகூட நினைவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் அடக்கத் தெரியாமல் அழுதார்.

எவ்வளவு நேரமோ, கண்ணாடிக் கதவு திறந்து தெருச் சத்தம் உள்ளே வந்தது. இந்தத் தடவை அவர் சட்டென்று திரும்பினார். திரும்பிய வேகத்தில் ஹெட்போன் கீழே விழுந்தது. மகள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு நின்றாள்.

"என்னப்பா, இப்படிப் பயந்துட்டீங்க? நான்தான்" என்றாள். அவர் கண்ணைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, அழுதா அழுங்க. எங்க, எவ்வளவு ஆச்சு, பார்க்கலாம்."

பொட்டலத்தை வைத்துவிட்டு அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். பக்கத்துத் திரையில் அம்மா, வெள்ளைச் சுவருக்கு முன்னால், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுபோயிருந்தாள். எப்படி இருக்கேன் என்று கேட்கிற முகம். மகள் தொழில் தெரியாத பெண், நிறத்தைப் பற்றி ஒன்றும் படித்தவளில்லை. ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏம்பா இன்னும் கலர் பண்ணல? அம்மா ரொம்ப மஞ்சளா இருக்காங்க."

"வெளிச்சம் சரியாத்தாம்மா இருக்கு."

"இல்லப்பா, கண்ணைப் பாருங்களேன், கண்ணுகூட..." அவள் வார்த்தை பாதியில் நின்றது. ஓரத்தில் ஓடிய நாளைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். தான் தோழிகளோடு சுற்றப் போன விடுமுறைக்கு ரொம்ப முன்னால் எடுத்தது அது. விரல்கள் அவர் தோளை இறுக்கின.

"அப்பா, இதை அப்பவே உங்களுக்கு அனுப்பினாங்களா?"

"அனுப்பினா."

"நீங்க பார்க்கலையா?"

யாருக்கும் தெரியாதும்மா என்று சொல்ல வாய் எடுத்தார். ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அது வரவில்லை.

"பார்த்தேம்மா" என்றார். "பார்த்துட்டு, சரி பண்ணி அனுப்பிட்டேன்."